மூன்றாவது மகனுக்கு நட்சத்திரம்

போர்டு எழுதுகிறவன் கையில் பிரஷ் இருக்கும். அது எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மட்டும் பின்னால் நிற்கிறவர் சொல்லிக்கொண்டே இருப்பார். தையல் மெஷினுக்குப் பின்னாலோ சலூன் நாற்காலிக்குப் பக்கத்திலோ நின்று பிழைத்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

நான் தோட்டப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் முன்னால் பேச்சு வராது. அதனால்தான் எழுதும் வேலைக்கு வந்தேன். கோல சிலாங்கூரில் கடைப் பலகை, பஸ் கதவு, கோயில் வாகனம் என்று கிடைத்ததையெல்லாம் எழுதினேன், வரைந்தேன். வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலத்தில், காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளும் சாலையெங்கும் சிப்பாய்களுமாக இருந்த வருடங்களில், எனக்குப் புதிதாக ஒரு வேலை வந்து சேர்ந்தது. குடும்பச் சின்னம் வரைவது. வெள்ளைக்காரர்களில் பழைய குடும்பங்களுக்குக் குடும்பப் பெயரோடு ஒரு கேடயப் படமும் உண்டு. அதை மோதிரத்தில், தட்டில், கதவில் போட்டுக்கொள்வார்கள். ஒரு துரை ஆரம்பித்து வைத்தார், நம் ஆட்களும் பிடித்துக்கொண்டார்கள். என் நோட்டில் இருக்கிற கணக்கு இது: சிங்கம் பதினேழு, யானை நாலு, மயில் இரண்டு, பன்றித் தலை இரண்டு, கப்பல் இரண்டு. ஆக இருபத்தேழு. வண்டிக்கு இரண்டு கதவு என்றால் கணக்கிலும் இரண்டாகத்தான் எழுதுவேன். இதில் அந்தக் கப்பல் இரண்டும் ஒரு நல்ல மனிதரை நிஜக் கப்பலில் ஏற்றி நாடு கடத்தும் அளவுக்குப் போய்விட்டன. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

மோதிரத்துப் பன்றி

ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்துப் பெரிய துரை தன் காரைச் சுற்றி இரும்புத் தகடு அடித்திருந்தார், காட்டோரம் போகும்போது குண்டு துளைக்காமல் இருக்க. அந்தத் தகடு அழகாக இல்லை என்று என்னைக் கூப்பிட்டார். சுண்டு விரலிலிருந்து ஒரு மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து, “இது எங்க வீட்டுப் பன்னி. ரெண்டு கதவிலயும் போடு” என்றார். தோட்டத்துத் துரைமார்கள் தமிழ் பேசுவார்கள், ஆனால் மரியாதை விகுதி எல்லாம் கப்பலிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார்கள். மோதிரத்தில் கேடயமும் அதற்குள் ஒரு காட்டுப்பன்றித் தலையும் பொட்டுக்கடலை அளவில் வெட்டியிருந்தது. கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் கண்ணாடி வாங்கிப் பார்த்தேன். கோரைப்பல் இரண்டு, பிடரி மயிர் பதினொன்று. அப்படியே எண்ணி, அப்படியே வரைந்தேன். மூன்று நாள் ஆனது.

துரை வந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. “பன்னி அந்தப் பக்கம் பாக்குது” என்றார். மோதிரத்திலும் அந்தப் பக்கம்தான் பார்க்கிறது என்று காட்டினேன். அவர் அரக்கை உருக்கி, கடிதத்தில் முத்திரை வைக்கிற மாதிரி மோதிரத்தை அதில் அழுத்தினார். அச்சில் பன்றி திரும்பிக்கொண்டது. முத்திரை மோதிரத்தில் எல்லாவற்றையும் மாற்றித்தான் வெட்டுவார்களாம். சின்னத்தில் மிருகம் எப்போதும் பார்க்கிறவனுக்கு இடது பக்கமே பார்க்க வேண்டுமாம். மாறிப் பார்த்தால் முறையாகப் பிறக்காத பிள்ளையின் வீடு என்று சிரிப்பார்களாம். எண்ணிக்கையில் ஒரு மயிர்கூடத் தப்பவில்லை என்று மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இரண்டு கதவையும் சுரண்டி இரண்டு பன்றியையும் இடது பக்கம் திருப்பினேன். அதில் வேறொரு சங்கடம். காரின் இடது கதவில் பன்றி முன்னால் பார்த்தது. வலது கதவில் அதே பன்றி காரின் பின்பக்கம் பார்த்தது, என்னமோ ஓடி வருகிறவன் திரும்பிப் பார்க்கிற மாதிரி. துரைக்குச் சட்டம் முக்கியம், அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். அந்தக் காரை நாளும் காட்டோரம் ஓட்டிப் போகிற டிரைவர் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “நல்லதுதான் லா. பின்னாடி எவனாச்சும் துப்பாக்கிய நீட்டுனா அது மொதல்ல பாத்துடும்.”

தலைமுறைக்கு ஒன்று

இனிமேல் தப்பு வரக்கூடாது என்று துரை ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்தார். கேடயச் சட்டம் முழுக்க அதில் இருந்தது. எனக்கு ஆங்கிலம் எழுத்தாக வரும், அர்த்தமாக வராது. அதனால் ஆபீசில் தம்பையா கிராணி வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும், நான் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர். தம்பையா கிராணி வாசிக்கும்போது அந்தச் சட்டத்தையே அவர்தான் போட்டவர் போல இருக்கும்.

பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வந்த மாரிமுத்து, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர், வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். கிராணி சிரித்தார். “இது குடும்பப் பேருக்குள்ள சின்னம். நமக்கு ஏது குடும்பப் பேரு? உன் பேருக்குப் பக்கத்துல இருக்கிறது உன் அப்பன் பேரு வீரன். உன் மவன் பேருக்குப் பக்கத்துல மாரிமுத்து. அவன் மவனுக்கு வேறொண்ணு. தலைமுறைக்கு ஒரு சின்னம் மாத்துவியா?” என்று கேட்டார். மண்டோர் நன்றாக யோசித்தார். அவருக்கு அதில் வெட்கப்பட ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. “அப்ப துரை வீட்ல ஐந்நூறு வருசமா அதே பன்னிதானா? பாவம், மாத்தவே தோணலையா?” என்றார்.

இரண்டு சிங்கம்

மண்டோர் கேட்டது சிங்கம். யாருக்கு வரைந்தாலும் பெரும்பாலும் சிங்கம்தான். சிங்கத்தை நேரில் பார்த்தவர் அந்த வட்டாரத்தில் ஒருவரும் இல்லை, என்னையும் சேர்த்து. ஒன்றரை அடிப் பலகையில் கேடயம், அதற்குள் பின்னங்காலில் நிற்கிற சிங்கம். கீழே என்ன எழுத என்று கேட்டேன். புத்தகத்தில் கேடயத்துக்குக் கீழே ஒரு வாசகம் வரும். துரை வீட்டு வாசகத்துக்கு அர்த்தம் ‘பொறுத்திரு’ என்று கிராணி சொன்னார். மண்டோர் ‘நேரத்துக்கு வா’ என்று எழுதச் சொன்னார். இருபது வருடமாகப் பெரட்டில் அவர் சொல்லி வருகிற வாசகம். பிறகு நான், எழுதுவதைச் சரியாக எழுத வேண்டுமே என்று, “எந்தக் குடும்பத்துக்கு?” என்று கேட்டுவிட்டேன். மண்டோருக்கு இரண்டு வீடு. முன்பெல்லாம் மூத்தவர் ஒரு லயத்திலும், அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலும், இளையவர் பாக்கியம் மூன்று மைல் தள்ளி வேறொரு லயத்திலும் இருந்தார்கள். அவசரகாலத்தில் எல்லா லயத்தையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து முள்கம்பி வேலி போட்டார்கள். கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகாமல் இருக்க என்று போட்ட வேலிக்குள் மண்டோரின் இரண்டு வீடும் எதிரெதிராக வந்து உட்கார்ந்துகொண்டன.

பலகை மூத்தவர் வீட்டு வாசலில் ஏறிய மறுநாள், பாக்கியம் அக்கா பஸ் பிடித்து என்னிடம் வந்தார். அதே அளவு, அதே சிங்கம், ஒரு நகம் குறையக் கூடாது. நகம் பதினாறு என்று நோட்டைப் பார்த்துச் சொன்னேன். ஆனால் ‘நேரத்துக்கு வா’ என்பதற்குப் பதில் ‘சொன்ன நாளைக்கு வா’ என்று இருக்க வேண்டும் என்றார். எழுதினேன். மாட்டிய பிறகுதான் தெரிந்தது. சட்டப்படி இரண்டு சிங்கமும் பார்க்கிறவனுக்கு இடது பக்கம் பார்க்கிறது. எதிரெதிர் வீடு என்பதால் ஒன்று கிணற்றைப் பார்க்கிறது, மற்றது ஆபீசைப் பார்க்கிறது. ஒன்றை மாற்றித் தரட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். பாக்கியம் அக்கா இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். “வேணாம் தம்பி. ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பாக்காமத்தானே நிக்குது? எங்க வீட்டு நெலமய நீ கண்டா எழுதுன, அதுவா அமைஞ்சிருச்சு.”

நாக்கு

புத்தகத்தில் சிங்கத்தின் நாக்கு வெளியே நீண்டு, சிவப்பாக இருக்க வேண்டும் என்று இருந்தது. நாக்கும் நகமும் வேறு நிறத்தில் இருந்தால்தான் சிங்கத்துக்கு வீரம் என்று கிராணி வாசித்தார். நானும் நல்ல ரத்தச் சிவப்பு எனாமல் வாங்கித் தீட்டினேன். நாக்குக்குத் தேவை ஒரு கரண்டி பெயிண்ட். கடையில் டின் அளவில்தான் கொடுப்பார்கள். அந்த மீதிச் சிவப்பு பிறகு என்ன செய்தது என்பதைச் சொல்லத்தானே போகிறேன்.

பால் வெட்டப் போகிற பெண்கள் மண்டோர் வீட்டுப் பலகை முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தார்கள். பெருமையாக இருந்தது, தூரத்தில் நின்றேன். அவர்களில் ஒருவர் போகிற போக்கில் சொன்னது மட்டும் காதில் விழுந்தது: “மண்டோர அப்படியே எழுதியிருக்கான்டி. வெத்தலயப் போட்டுக்கிட்டு, ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு, யாரக் கத்தலாம்னு நிக்கிறாரு பாரு.”

பிறை

புத்தகத்தில் இன்னொரு சட்டம் இருந்தது. அப்பாவின் சின்னம் மூத்த மகனுக்கு அப்படியே போகும். இரண்டாவது மகன் அதே சின்னத்தில் ஒரு பிறை சேர்க்க வேண்டும், மூன்றாவது மகன் ஒரு நட்சத்திரம் சேர்க்க வேண்டும். பார்த்ததும் எத்தனையாவது பிள்ளை என்று தெரிந்துவிடுமாம். எனக்கு இந்தச் சட்டம் மிகவும் பிடித்துவிட்டது. கணக்கு சுத்தமாக இருக்கிறது அல்லவா?

மண்டோரின் தம்பி கோவிந்தன் அண்ணன் மாதிரியே ஒரு சிங்கம் கேட்டார். இரண்டாவது மகன். சட்டப்படி சிங்கத்தின் தலைக்கு மேல் ஒரு பிறை போட்டேன். கோவிந்தன் பலகையை வாங்கிக்கொண்டு லயத்துக்குப் போனவர் அரை மணியில் திரும்பி வந்துவிட்டார். வழியில் பார்த்தவர்கள் எல்லாரும் எப்போது மதம் மாறினாய் என்று கேட்டார்களாம். இரண்டாவது மகனுக்கு அதுதான் அடையாளம் என்று புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன். கோவிந்தன் பலகையை என் மேசையில் வைத்தார். “ரெண்டாவதாப் பொறந்ததுக்கு அண்ணன் பழைய சட்டையப் போட்டேன், அண்ணன் பழைய சைக்கிள ஓட்டுனேன். இப்ப சாமியையும் மாத்தணுமா?”

நானாவின் லோரி

பிறைப் பலகையைச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தபோது காதர் நானா வந்தார். காரைக்காலிலிருந்து சின்ன வயதில் கப்பலேறி வந்தவர். கோல சிலாங்கூரில் மளிகைக் கடை, ஒரு மஞ்சள் லோரி. ஏழாங்கட்டைத் தோட்டத்துக்கும் பக்கத்து இரண்டு தோட்டத்துக்கும் அரிசி அவர் லோரியில்தான் போகும். அப்போது அரிசி ஏற்றிப் போக போலீஸ் பர்மிட் வேண்டும். பர்மிட் இருந்தாலும் வழியில் தடுப்புப் போட்டு நிறுத்துவார்கள். மூட்டையை எல்லாம் இறக்கி, ஒவ்வொன்றிலும் கம்பியைக் குத்திப் பார்ப்பார்கள், கம்யூனிஸ்டுகளுக்கு ஏதாவது ஒளித்துக் கொண்டுபோகிறாரா என்று. நாற்பது மூட்டை என்றால் இரண்டு மணி நேரம். துரையின் கார் மட்டும் நிற்காது. சிப்பாய்கள் சல்யூட் அடித்து விடுவார்கள். நானா இதை ஒரு மாதம் கவனித்திருக்கிறார். துரையின் கார் கதவில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்தவர், காருக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

“தம்பி, என் லோரிக் கதவுலயும் அது மாதிரி ஒண்ணு போடு. மிருகம் மட்டும் அவரு வீட்டு மிருகம் வேணாம்” என்றார். கப்பல் என்று முடிவானது. சுவரோரம் இருந்த பிறை அவர் கண்ணில் பட்டது. அது வேண்டும் என்றார். எத்தனையாவது மகன் என்று கேட்டேன். மூன்றாவது. அப்படியானால் நட்சத்திரம்தான் என்று நோட்டைக் காட்டினேன். சும்மா கிடக்கிற பிறையைத்தானே கேட்கிறேன் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் அசையவில்லை. பேச்சு வராதவர்களுக்குச் சட்டம் கிடைத்துவிட்டால் இப்படித்தான். கடைசியில் அவர் பெருமூச்சு விட்டார். “பிறை வேணும்னு வந்த ராவுத்தனுக்கு இல்லேங்குறே, வேணாம்னு ஓடுன கோவிந்தனுக்குப் போட்டுக் குடுக்குறே. நீ துரைக்குத் தம்பியாப் பொறந்திருக்கணும்.”

நிறத்தின் மேல் நிறம்

நட்சத்திரத்தோடு முடிந்திருக்கும். நான்தான் விடவில்லை. “உங்கள் வாப்பா எத்தனையாவது மகன்?” என்று கேட்டேன். மூன்றாவது. “அவருடைய வாப்பா?” நானா விரல் விட்டு எண்ணினார். மூன்றாவது. மூன்று தலைமுறையும் மூன்றாவது மகன். அப்படியானால் நட்சத்திரம் மூன்று. எனக்கு உடம்பு சிலிர்த்தது, இப்படி ஒரு கணக்கு எல்லாருக்கும் அமையாது. கப்பலுக்கு மேலே வரிசையாக மூன்று நட்சத்திரம் என்று சுண்ணாம்புக் கட்டியால் குறித்தேன்.

அடுத்தது நிறம். புத்தகப்படி மஞ்சளும் வெள்ளையும் உலோகம், அதாவது தங்கம், வெள்ளி. சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு நிறம். உலோகத்தின் மேல் உலோகம் கூடாது. நிறத்தின் மேல் நிறம் கூடாது. லோரி மஞ்சள், ஆகவே நட்சத்திரம் நிறமாகத்தான் இருக்க வேண்டும். கறுப்பு துக்கமாக இருக்கிறது என்றார் நானா. பச்சைக்கு மழையில் நிறம் போய்விடும். நீலத்தைக் கடலுக்குச் செலவழித்தாகிவிட்டது. சிங்கத்தின் நாக்குக்கு வாங்கிய சிவப்பு முக்கால் டின் இருந்தது. மஞ்சள் மேல் சிவப்பு. தூரத்திலிருந்து பார்த்தாலே பளிச்சென்று தெரிந்தது.

மூன்று சிவப்பு நட்சத்திரம் யாருடைய தொப்பியில் இருக்கும் என்று அந்தக் காலத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். காட்டில் இருந்தவர்களை ‘பிந்தாங் தீகா’, மூன்று நட்சத்திரக்காரர்கள் என்றே மலாயில் சொல்வார்கள். அந்தப் பெயரை நானும் ஆயிரம் தடவை கேட்டவன்தான். ஆனால் நான் வரைந்தது வாப்பா, வாப்பாவின் வாப்பா, நானா. என் கண்ணுக்கு வேறு யாரும் தெரியவில்லை. நானாவுக்கும் தெரியவில்லை. அவர் பத்தடி தள்ளி நின்று லோரியைப் பார்த்துச் சந்தோஷமாகச் சொன்னார்: “இதப் பாத்ததும் சிப்பாயி நிமிந்து நிக்கணும் தம்பி.”

நிமிர்ந்து நின்றார்கள்

முதல் தடுப்பிலேயே நிமிர்ந்து நின்றார்கள், துப்பாக்கியோடு. லோரியில் அன்று முப்பத்தெட்டு மூட்டை அரிசி. மூன்று சிவப்பு நட்சத்திரம் போட்டுக்கொண்டு, காட்டோரச் சாலையில், பட்டப்பகலில் அரிசி ஏற்றிப் போகிற ஆளை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. பர்மிட்டைப் பறித்துக்கொண்டு நானாவை போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். எந்த ஊர் நிலையம் என்பது வேண்டாம். செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் பஸ் கண்டக்டர். அவசரகாலச் சட்டத்தில் விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கலாம், அதிகாரிக்குத் தோன்றினால் ஊருக்கே கப்பலேற்றியும் விடலாம் என்று விளக்கிவிட்டு, “நீங்கதானே கதவுல கப்பலும் போட்டது?” என்று கேட்டார். பிறகு மற்றதையும் சொன்னார். யார் வரைந்தது என்று போலீசில் கேட்டார்களாம். நானா, தானே வரைந்ததாகச் சொல்லிவிட்டாராம்.

நானா என்னைக் காப்பாற்றிவிட்டார். நான் கடையைப் பூட்டிக்கொண்டு பேசாமல் இருந்தால் என் வரைக்கும் ஒன்றும் வராது. கண்டக்டர் பஸ்ஸில் ஏறும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: “நீதான் வரைஞ்சேன்னா இப்ப ஒண்ணு வரைஞ்சு காட்டுன்னு பென்சிலக் குடுத்தாங்களாம். நானா ஆறு கால் வச்சு ஒரு நண்டு வரைஞ்சு குடுத்தாராம்.”

ஐந்து முனை

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். நோட்டை எடுத்துக்கொண்டேன். தம்பையா கிராணியையும் வழியில் ஏற்றிக்கொண்டேன், எனக்குப் பதிலாகப் பேச ஆள் வேண்டுமே. நிலையத்தில் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் ஒருவர். மேசை மேல் ஒரு காகிதம், அதில் நானா வரைந்த நட்சத்திரம். பார்த்தேன். கண்டக்டர் நண்டு என்றது மரியாதையாகச் சொன்னது. என் வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு அதிகாரி கேட்பதற்கு முன்னால் நானாகப் பேசினேன். நான்தான் வரைந்தேன் என்றேன். கிராணி அதை ஆங்கிலத்தில் சொன்னார். இன்ஸ்பெக்டர் காகிதத்தை நீட்டினார். பென்சிலைக் காகிதத்திலிருந்து எடுக்காமல் ஒரே இழுப்பில் ஐந்து முனையும் சமமாக வந்தது. அவர் அளவுகோல் வைத்துப் பார்த்தார்.

ஏன் மூன்று என்று கேட்டார். மூன்றாவது மகனுக்கு நட்சத்திரம் என்ற சட்டத்தைச் சொன்னேன். ஏன் சிவப்பு என்று கேட்டார். உலோகத்தின் மேல் நிறம் என்ற சட்டத்தைச் சொன்னேன். எந்தச் சட்டம் என்றார். துரையின் புத்தகம் என்றேன். அடுத்த கேள்வி, யார் வாசித்துச் சொன்னது என்பதாக இருக்க வேண்டும். கிராணி மொழிபெயர்க்காமல் நின்றுவிட்டார். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் நீளமாக என்னவோ சொன்னார். எல்லாம் முடிந்து நானும் வெளியே வந்த பிறகு, அன்று என்ன சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, “வாசிச்சது நான், வரைஞ்சது அவன், வாங்குனது அவரு, மூணு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் அவ்வளவாப் பழக்கமில்லைன்னு சொன்னேன்” என்றார்.

அவரை அனுப்பிவிட்டார்கள், என்னை உள்ளே உட்கார வைத்தார்கள். நானா கம்பிக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்திருந்தார். ஒரே நாளில் தாடி வெளுத்த மாதிரி இருந்தது. கப்பலேற்றிவிட்டால் காரைக்காலில் தனக்கு யாரைத் தெரியும், முப்பது வருடமாகக் கடை இங்கேதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் வழக்கம் போலத்தான் வந்தது: “உன்னை யாரு வரச் சொன்னா? அந்த நட்சத்திரத்த நான் முக்காவாசி நம்ப வச்சுட்டேன்.”

துரையின் சாட்சி

மூன்றாம் நாள் மத்தியானம் ஏழாங்கட்டைத் துரை வந்தார், கக்கத்தில் புத்தகத்தோடு. கிராணி போய்ச் சொல்லியிருக்கிறார். கிராணியைப் பற்றி மேலே எழுதியதில் பாதியைத் தள்ளிப் படித்துக்கொள்ளுங்கள். துரையும் இன்ஸ்பெக்டரும் லோரியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். துரை குனிந்து, புத்தகத்தைத் திறந்து, கதவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவர் ‘சரி’ என்றால் நானா வீட்டுக்கு, ‘தப்பு’ என்றால் கப்பலுக்கு. நாங்கள் இருவரும் சன்னல் வழியாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். துரை தலையை நிமிர்த்தி, “தப்பு” என்றார்.

நானா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். துரை பக்கத்தில் வந்து எனக்குத் தமிழில் விளக்கினார். மூன்றாவது மகனின் மூன்றாவது மகன் நட்சத்திரத்தை வரிசையாக வைக்கக் கூடாது. அப்பாவின் நட்சத்திரத்துக்குள்ளே மகனின் நட்சத்திரம் சின்னதாக, அதற்குள்ளே பேரனின் நட்சத்திரம் இன்னும் சின்னதாக வர வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று. கிராணி அந்தப் பக்கத்தை வாசிக்காமல் தாண்டிவிட்டார். இன்ஸ்பெக்டருக்கு அதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது. இப்படி ஒரு தப்பைக் காட்டில் இருக்கிறவன் செய்யமாட்டான், வேலை இல்லாத மூன்று பேர் சேர்ந்துதான் செய்ய முடியும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நிலையத்து முற்றத்திலேயே மாற்றி வரைந்தால் ஆளையும் பர்மிட்டையும் விட்டுவிடுவதாகச் சொன்னார். கிராணி என் பெயிண்ட் டின்களைச் சுமந்துகொண்டு வந்தார். புது நீலம் ஒரு டின் அவரே வாங்கியிருந்தார். நீல நட்சத்திரம், அதற்குள் மஞ்சள் நட்சத்திரம், அதற்குள் நீல நட்சத்திரம். நிறத்தின் மேல் உலோகம், உலோகத்தின் மேல் நிறம். இரண்டு கதவுக்கும் நாலு மணி நேரம். துரை கடைசிவரை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “இப்ப நல்லா இருக்கு. உள்ள போட்டாலும் இனி முறையாப் போடலாம்.”

அதன் பிறகு

நானாவை அன்று மாலையே விட்டுவிட்டார்கள், லோரியோடும் முப்பத்தெட்டு மூட்டையோடும். கதவுப் படத்தை அழித்துவிடலாம் என்று நான் சொன்னேன். துரை, இன்ஸ்பெக்டர் இரண்டு பேரும் பார்த்து ஒப்புக்கொண்ட படம், அதை அழித்தால்தான் சந்தேகம் வரும் என்று நானா மறுத்துவிட்டார். அது நியாயம்தான். ஆனால் செய்தி எல்லாத் தடுப்புக்கும் பரவிவிட்டது. மூன்று நட்சத்திரத்தை ஒன்றுக்குள் ஒன்று ஒளித்து வைத்திருக்கிற மஞ்சள் லோரி என்று ஒவ்வொரு பட்டாளத்துக்கும் தெரிந்துவிட்டது. புதுச் சிப்பாய்கள் வந்தால் பழையவர்கள் கூட்டிக்கொண்டுவந்து காட்டினார்கள். படம் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து நானா ஒரு நாள் கடை வாசலில் லோரியை நிறுத்தினார். இப்போது தடுப்பில் சீக்கிரம் விடுகிறார்களா என்று கேட்டேன். அவர் இறங்காமல், கதவில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: “முன்னாடி மூட்டைய மட்டும் குத்திப் பாத்துட்டு விட்டானுவ தம்பி. இப்ப மூட்டையக் குத்திப் பாத்து, அப்புறம் நட்சத்திரத்த எண்ணி, மூணாவது எங்கேன்னு எறங்கி வந்து என்னையே காட்டச் சொல்றானுவ.”

இருபத்தேழு கேடயம் வரைந்து கொடுத்ததில் எனக்கு விளங்கியது, குடும்பப் பெருமையைச் சட்டப்படி வரைந்து வாங்கியவர்கள் எல்லாரும் அதற்கு முன்னால் நின்று மீதி ஆயுள் முழுக்க விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான்.